பஞ்சர் கடை என்றொரு எண்

ஏப்ரல் 3, வியாழன்

காலை எட்டுக்கே சுள்ளென்று வெயில். தீவன மில்லில் மூன்று லாரி ஏற்றம். எருமப்பட்டிக்கு இரண்டு, பரமத்திக்கு ஒன்று. தார்ப்பாய் கிழிசல், சொல்ல வேண்டும்.

போதகர் போன். நாளை வாலிபர் கூட்டத்தில் நான் பேச வேண்டுமாம். தலைப்பு: பரிசுத்த வாழ்க்கை. ஆள் கிடைக்காமல் பிடித்தாரா, தெரிந்தே பிடித்தாரா? சரி என்றுவிட்டேன்.

பதினோரு மணிக்கு ம.வோடு போனில் அரை மணி நேரம். சேலத்து லாரி ஆபீஸில் புக்கிங் பார்ப்பவள். நேரில் பார்த்தது இரண்டே தடவை. விரல்கூடப் பட்டதில்லை. பேச்சுதானே. போனில் அவள் பெயர் 'பஞ்சர் கடை'. வெறும் பேச்சு என்றால் அந்தப் பெயர் எதற்கு? விடை தெரிந்த கேள்வி.

ஏப்ரல் 4, வெள்ளி

செய்ய வேண்டியவை: சிலிண்டர் பதிவு. சமையலறைப் பல்பு. என் மனைவி எஸ்தரின் ஸ்கூட்டர் டயர். டயர் மட்டும் பார்க்கவில்லை.

மாலை கூட்டம். பதினாலு பேர். கண், காது, நாக்கு, போன் என்று வரிசையாக விளாசினேன். மறைவில் செய்வதும் கர்த்தருக்குத் தெரியும் என்றேன். என் குரல் எனக்கே பிடித்திருந்தது. அதுதான் அருவருப்பு. கடைசி பெஞ்சில் எஸ்தர், முகமெல்லாம் பெருமை. வெளியே வரும்போது ஒரு அம்மா கையைப் பிடித்துக்கொண்டு, தன் மகன் போனை அணைத்துப் பையில் போட்டுவிட்டான் என்றார். அந்நேரம் என் சட்டைப் பையில் போன் அதிர்ந்தது. யாரென்று எடுத்துப் பார்க்கத் தேவையில்லை. ஊருக்குத்தான் உபதேசம்.

ஏப்ரல் 5, சனி

நான் குளித்துக்கொண்டிருந்தபோது நடந்தது. எஸ்தரின் ஸ்கூட்டர் வாசலிலேயே பஞ்சர். மேசையில் கிடந்த என் போனில் பஞ்சர் கடையைத் தேடி அழைத்திருக்கிறாள். நான் துண்டோடு வந்தபோது போனை எடுத்த இடத்திலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"பஞ்சர் கடையில பொம்பளதான் எடுத்தாங்க. நான் பேசறதுக்கு முன்னாலயே, ஊட்டுல ஆரும் இல்லையான்னு கேட்டாங்க."

அவ்வளவுதான் சொன்னாள். ஸ்கூட்டரைத் தானே தள்ளிக்கொண்டு போனாள். பின்னால் ஓடிப் பிடித்தேன், கையைத் தட்டிவிட்டாள்.

மத்தியானம் சமைத்தாள், பரிமாறினாள். ரசத்தில் உப்புகூடச் சரியாக இருந்தது. சண்டை போட்டிருந்தால் தேவலை.

ஐந்து மணிக்கு எல்லாம் சொல்லிவிட்டேன். ஏழு மாதக் கதை. கேட்டுக்கொண்டே துணி மடித்தாள். அவள் எதிரிலேயே ம.வுக்கு இனிப் பேச்சு வேண்டாம் என்று அனுப்பி, எண்ணை அழித்தேன். பாரம் இறங்கியது போலத்தான் இருந்தது, ஒரு பத்து நிமிஷம்.

நாளை சபையில் திருவிருந்து. மனதில் கறையோடு அந்த அப்பத்துக்குக் கை நீட்டக் கூடாது என்பார்கள்.

ஏப்ரல் 6, ஞாயிறு

புழுக்கம். மின்விசிறி சத்தம்.

திருவிருந்துக்கு யார் எழுந்து போகவில்லை என்று பார்க்க எங்கள் சபையில் கண் ஏராளம். நான் எழவில்லை. வெள்ளிக்கிழமை கேட்டவர்கள் திரும்பித் திரும்பிப் பார்த்தார்கள். பார்க்கட்டும். எஸ்தர் போவாள் என்று காலை ஒதுக்கி வழிவிட்டேன். அவளும் அசையவில்லை. எனக்குத் துணையாக உட்கார்ந்துவிட்டாள், என் மானத்தைக் காப்பாற்றிவிட்டாள் என்று நினைத்துக்கொண்டேன். வண்டியில் வரும்போது அதைச் சொல்லி நன்றி என்றேன்.

"உங்களுக்காக இல்லீங்க. எம் மனசுல அத்தன வெசம் இருக்குது. அத வெச்சுக்கிட்டு அங்க போயி எப்படிங்க கை நீட்டறது?"

கல்யாணமாகிப் பதினெட்டு வருஷம். காய்ச்சலோடுகூடப் போவாள். ஒரு தடவைகூடத் திருவிருந்தை விட்டதில்லை.