சுவிட்சுக்குப் பக்கத்தில் ஓர் ஆள்

அன்புள்ள தனுஷிகா,

கோபம் இருந்தாலும் இதைக் கிழிக்காமல் வாசி.

விஞ்ஞானக் கண்காட்சிக்கு நாம் செய்ய நினைத்த மின்பொறி ஏணியை நான் செய்து முடித்துவிட்டேன். மாமாவின் பெயர்ப்பலகைக் கடையில் கிடந்த பழைய நியோன் விளக்கு ட்ரான்ஸ்போமர்தான் அதற்கு. இரண்டு கம்பிகளையும் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்து மூடியிருக்கிறேன். பொறி கீழே பிடித்து, கம்பிகளுக்கு நடுவே மேலே ஏறும். ஏறும் என்றுதான் நினைக்கிறேன். இன்னும் போட்டுப் பார்க்கவில்லை.

பத்தாயிரம் வோல்ட். தனியாகப் போடவே கூடாது. ஒருவர் தள்ளி, சுவிட்சுக்குப் பக்கத்தில் நிற்க வேண்டும். எனக்கு ஏதாவது ஆனால் என்னைத் தொடாமல் அதை அணைக்க வேண்டும்.

"நான் நிக்கிறேன்டி" என்றார் அம்மா.

"நான் விழுந்தா என்னம்மா செய்வீங்க?"

"இது என்னடி கேள்வி? ஓடிவந்து தூக்குவேன்!"

அதனால் அம்மா வேண்டாம். நம்பி நிறுத்த உன்னைத் தவிர வேறு யாரும் எனக்கு இல்லை.

நான் பள்ளிக்கூடத்தை விட்டு நின்றதை உன்னிடம் சொல்லாதது பிழை. இரத்தோட்டைக்குப் போகும் பஸ்ஸில் உன்னைக் கண்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டது அதைவிடப் பிழை.

ஞாயிற்றுக்கிழமை பின்னேரம் கடையில் இருப்பேன். நீ என்னோடு பேச வேண்டாம். சுவிட்சில் கையும் என்மேல் கண்ணும் இருந்தால் போதும்.

இப்படிக்கு,
வகுப்பில் உன் வாங்கில் ஓரமாக இருந்தவள்