பொட்டு மறைத்த எழுத்து

இன்று காலை மருமகள் எனக்குத் தலைச்சாயம் கலக்கினாள். கிண்ணத்திலிருந்து அமோனியா நெடி மூக்கில் ஏறியதும் நம் ஆபீசில் வரைபடங்களை நகலெடுக்கும் அறை ஞாபகம் வந்துவிட்டது. என் கண்ணில் நீரைப் பார்த்து, "நெடியா அத்தை?" என்றாள். ஆமாம் என்று சொல்லிவைத்தேன். நீ போய் மூன்று மாதம் ஆகிறது. எனக்கு அழுகையை விடக் கோபம்தான் அதிகம் வருகிறது.

அறுபதுகளின் கடைசி. அணுமின் நிலையத்துக்குக் குழாய் இணைப்புகள் செய்துகொண்டிருந்தது பெங்களூரில் நம் பட்டறை. நான் டிரேசர், மசியால் படம் நகலெடுப்பவள். நீ ரெக்கார்ட்ஸ். எந்தப் படம் எந்தத் தேதியில் யார் கைக்குப் போனது என்று உன் ரிஜிஸ்டர் சொல்லும். படம் திருத்தப்படும்போதெல்லாம் வலது மூலையில் எழுத்து மாறும். பி போய் சி வரும், சி போய் டி வரும். "பழசைக் குடு, புதுசை வாங்கிக்கோ" என்பாய், யார் வந்து நின்றாலும். ஜோகுபாளையத்திலிருந்து சேர்ந்து நடந்து வரும்போது உன்னைப் பழைய துணிக்குப் புதுப் பாத்திரம் தரும் பாத்திரக்காரி என்று கேலி செய்வேன். ஒருநாள் நீ சிரிக்கவில்லை. "கொதிக்கிற தண்ணி போற குழாய்டீ. இங்க ஒரு எழுத்து தப்பினா அங்க ஆள் போயிடும்" என்றாய்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு லேத்துகளுக்கெல்லாம் சந்தனம், குங்குமம் வைத்தோம். அந்த வேலை எப்போதும் ஆபீஸ் பெண்களுக்குத்தான். லேத் பக்கத்துப் பலகையில் மாட்டியிருந்த குழாய் வரைபடத்துக்கும் ஒரு பொட்டு விழுந்தது, வலது மூலையில், சி என்ற எழுத்தின் மேலேயே.

பத்து நாளில் டி வந்தது. குழாய் விளிம்பின் கனத்தைக் கூட்டியிருந்தார்கள். நீ போய்ப் பழசைக் கேட்டாய். பூஜை பண்ணின காகிதத்தைக் கழற்றக் கூடாது, "இர்லி பிடியம்மா" என்றார் போர்மன். இருக்கட்டுமாம், விடணுமாம்! நீ புதுசைக் கொடுக்காமலே திரும்பி வந்தாய். மேனேஜர் உன்னைக் கூப்பிட்டு, வேலை நிற்கிறது, கொடுத்துத் தொலை என்றார். கொடுத்தாய். அது போர்மனின் டிராயருக்குள் போய்ப் படுத்துக்கொண்டது. லேத்காரர் பலகையைப் பார்த்தார். எழுத்து தெரியவில்லை, மாட்டியிருப்பது புதுசுதான் என்று நினைத்துப் பழைய கனத்திலேயே கடைந்து தள்ளினார்.

கடைந்த குழாய்களை அனுப்பும் பெட்டியோடு படம் வைக்கப் போன நீதான் கண்டுபிடித்தாய். நேரே போய் எல்லார் முன்னாலும் பலகையிலிருந்த படத்தைக் கிழித்தாய். பெட்டி போகவில்லை. அதற்கு உனக்கு என்ன கிடைத்தது? டி கொடுத்த அன்றைக்கே சி திரும்பி வந்துவிட்டதாக ரிஜிஸ்டரில் பழைய தேதி போட்டு எழுதச் சொன்னார் மேனேஜர்.

"வராததை வந்துச்சுன்னு எழுத மாட்டேன் சார்."

அவ்வளவுதான். பொட்டு வைத்து எழுத்தை மறைத்தது யார் என்று கேட்டார். யாரும் வாய் திறக்கவில்லை. பார்த்துக்கொள்ள வேண்டியது நீதானே என்று உன் தலையிலேயே கட்டினார்கள். 'கவனக்குறைவு' என்று மெமோ. ரிட்டயர் ஆகும்வரை டெஸ்பாட்சில் தபால்தலை ஒட்டினாய். போர்மனுக்கு அந்த வருஷமே பிரமோஷன். ஒரு எழுத்தைக் கூடத் தப்பவிடாதவள் பெயருக்கு நேரே அந்தத் தப்பான வார்த்தை நின்றுவிட்டது. அதைத் திருத்த ஒருவரும் வரவில்லை, நான் உட்பட.

நீ கிழித்த படத்தின் மூலையை அன்று குப்பையிலிருந்து எடுத்துவந்தேன். இன்னும் என் பீரோவில் இருக்கிறது. குங்குமம் மங்கிப்போய், சி இப்போது நன்றாகவே தெரிகிறது.

உன்னிடம் மன்னிப்பு வேண்டும். பழசைக் கொடுக்காமல் நீ புதுசு தரமாட்டாய், தெரியும். இந்தா, வாங்கிக்கொள். அந்தப் பொட்டை வைத்தவள் நான். மேனேஜர் கேட்டபோது உன் பக்கத்தில்தான் நின்றிருந்தேன்.