மைக் இல்லாத சீசன்

அக்டோபர் 12, ஞாயிறு

லோகநாதன் வீட்டு மாடி ஹாலில் கமிட்டி கூட்டம். எங்கள் ராஜகீழ்ப்பாக்கம் அறை இசை வட்டத்தின் புது சீசன் நவம்பர் இரண்டாம் தேதி ஆரம்பம். என் தீர்மானம் ஜெயித்தது. இந்த வருஷம் மைக் கிடையாது. ஐம்பது பேர் உட்காரும் அறைக்கு ஆளுயர ஸ்பீக்கர் எதற்கு? கல்யாண ரிசப்ஷனா நடத்துகிறோம்?

செக்ரட்டரி கிரீஷ் எழுந்து ஏதோ முனகினான். இந்தக் காலத்துப் பையன்களுக்கு வாயைத் திறந்து பேசவே வரவில்லை. ஐ.டி. கம்பெனி மீட்டிங்கில் மியூட்டில் இருந்தே பழகிவிட்டார்கள். பின்வரிசைக்குக் கேட்காது என்கிறானாம். பின்வரிசைக்காரர்கள் போண்டாவுக்கு வருகிறவர்கள், அதற்கு மைக் வேண்டாம் என்றேன். சிரித்தார்கள்.

லோகநாதன் மட்டும், "இன்னா சார், ஸ்பீக்கரு நம்ம வூட்லயே கீது, எட்த்துக்கோங்க" என்றார். பூர்விக ஊர்க்காரர், நெல் விளைந்த இடத்தில் இப்போது வாடகை விளைகிறது. ஹாலைச் சும்மா தருவதால் அவருக்கு முன்வரிசை நாற்காலி. தாளம் எந்தக் கையால் போடுவது என்றுகூடத் தெரியாது.

அக்டோபர் 16

டி.வி. சத்தத்தை சாவித்ரி குறைக்கிறாள். நான் கூட்டுகிறேன். மறுபடி குறைக்கிறாள். தாம்பத்தியம்.

அக்டோபர் 21

தீபாவளி முடிந்தது. பட்டாசுத் தொந்தரவு இந்த வருஷம் பாதிகூட இல்லை, ஜனங்களுக்குப் புத்தி வந்துவிட்டது என்று சாவித்ரியிடம் சொன்னேன். என்னை ஒரு மாதிரி பார்த்தாள். பதில் ஏதாவது சொன்னாளா, தெரியவில்லை.

அக்டோபர் 28

முதல் கச்சேரி சின்மயியின் வீணை. காட்டாங்குளத்தூரில் கல்லூரி வேலை, வாசிப்பில் மட்டும் வாத்தியார்த்தனம் கிடையாது. பேகடா ராகத்தில் மத்யமத்தை இழுத்துவிட்டு, அது தானாக அடங்கும்வரை அடுத்த ஸ்வரத்தைத் தொட மாட்டாள். அந்த அடங்கல்தான் எனக்கு வேண்டும். ஸ்பீக்கரில் அது வராது. மறைமலை நகரில் தகடு அடிக்கும் பிரஸ் ஷாப்பிலேயே உத்தியோக காலம் முழுக்க நின்றவன் நான். இந்த ஒரு சுகமாவது கிடைக்கட்டுமே. வேட்டியை இப்போதே இஸ்திரிக்குக் கொடுத்துவிட்டேன். இந்த வயதில் இப்படிக் காத்திருக்க வெட்கமாகத்தான் இருக்கிறது.

நவம்பர் 2, ஞாயிறு

அநியாயம்.

ஹால் நிறைந்திருந்தது. ஃபேனைக்கூட நிறுத்தச் சொன்னேன். சின்மயி வாசித்தாள் — வாசித்தாளா அது? தடவினாள். விரல் ஓடுகிறது, நாதம் இல்லை. மிருதங்கம்தான் தொம் தொம் என்று வந்தது. பேகடா எப்போது ஆரம்பித்தாள், எப்போது முடித்தாள்? திரும்பினால் சாவித்ரி கண்ணைத் துடைத்துக்கொள்கிறாள். லோகநாதன் எழுந்து நின்று கும்பிடுகிறார். கூட்டமே சேர்ந்து நடிக்கிறது என்று எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

நேரே மேடைக்குப் போய், கையைக் கொஞ்சம் பலமாக வைக்க வேண்டும், வீணை என்ன தூங்குகிற குழந்தையா என்று கேட்டேன். சின்மயியின் முகம் சுண்டிவிட்டது. ஏதோ சொன்னாள். அதுவும் வாய்க்குள்ளேயே.

லோகநாதன் என் தோளைப் பிடித்து ஓரமாக அழைத்துப்போனார். காதருகே குனிந்து சொன்னார்: "சார், என் சம்சாரம் கட்ச்சி வரிசைல குந்திகினு இருந்திச்சு. அதுக்கே நல்லா கேட்டுச்சாம். பாட்டு மேல தப்பு இல்ல சார். உங்க காதுதான் பேஜார் பண்ணுது."

டிபனைத் தொடாமல் வந்துவிட்டேன்.

நவம்பர் 3

எனக்கா? எனக்கா காது கேட்காது?

போனில் தம்புராவைப் போட்டுக் காதோடு வைத்தேன். கேட்டது. கையை நீட்டினேன். போன் அதிர்வது விரலுக்குத் தெரிகிறது, சத்தம் இல்லை. மறுபடி கிட்டே. மறுபடி தள்ளி. எத்தனை தடவை பார்ப்பது?

மைக்கை விரட்டுகிறேன் பேர்வழி என்று என்னையே கச்சேரிக்கு வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறேன். அந்தப் பெண்ணை வேறு நாலு பேர் முன்னால் — சீ. அழுதேன். எழுதிவைக்கிறேன், அழுதேன்.

நவம்பர் 5

கிரீஷ் போன் செய்தான். கமிட்டி முழுக்கத் தெரியுமாம். எனக்கு ஏன் சொல்லவில்லை என்று கத்தினேன். பல தடவை சொன்னார்களாம்.

நவம்பர் 12

கிழக்குத் தாம்பரத்தில் பரிசோதனை செய்து, இரண்டு காதிலும் மெஷின் வைத்தாகிவிட்டது. பிரஸ் ஷாப் தின்றது போக மிச்சம் இருப்பதை இது பெரிசாக்குமாம். பேப்பர் புரட்டினால் சரசர. ஸ்பூன் தட்டில் பட்டால் கூசுகிறது. இவ்வளவு இரைச்சலிலா எல்லாரும் குடித்தனம் நடத்துகிறார்கள்?

சின்மயிக்குப் போன் செய்து மன்னிப்புக் கேட்டேன். பரவாயில்லை சார் என்றாள். இரண்டு வார்த்தையும் தெளிவாகக் கேட்டது, கோபம் தீரவில்லை என்பதும் கேட்டது.

இனி மைக் வைத்துவிடலாமா என்றான் கிரீஷ். முடியவே முடியாது என்றேன்.

நவம்பர் 14, வெள்ளி

நாளை மறுநாள் அடுத்த கச்சேரி. வாய்ப்பாட்டு.

காலையில் சமையலறையிலிருந்து மோகனம் வந்தது. பக்கத்து வீட்டு ரேடியோவாக இருக்கும் என்று எழுந்துபோய்ப் பார்த்தேன். சாவித்ரி, வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டே. கல்யாணமான புதிதில் பாடுவாள். நடுவில் எப்போதோ விட்டுவிட்டாள் என்றுதான் நினைத்திருந்தேன். மறுபடி எப்போது ஆரம்பித்தாய் என்று கேட்டேன்.

"நான் எங்கே விட்டேன்? தினம்தான் பாடறேன். நீங்கதான் குத்தம் சொல்றதை விட்டேள். மனுஷர் திருந்திட்டார்னு சந்தோஷப்பட்டேன். அப்பறம்தான் புரிஞ்சுது, காது கேக்கலைன்னு."

சிரித்துக்கொண்டேதான் சொன்னாள். ஆனால் அதன்பின் பாடவில்லை. கத்தியைப் பார்த்துக்கொண்டு நின்றாள். நான் அங்கிருந்து போவதற்குத்தான் காத்திருக்கிறாள் என்று புரியச் சற்று நேரம் பிடித்தது.

ஹாலுக்கு வந்து பேப்பரை விரித்து உட்கார்ந்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி ஆரம்பித்தாள். காந்தாரம் சுருதியில் ஒரு நூல் இறங்கியிருந்தது.

நான் ஒன்றும் சொல்லவில்லை.