கத்தி இல்லாமலே சிவப்பு

மார்ச் 3
இன்றைக்கு நூற்றுப் பன்னிரண்டு நடை. இடுப்பில் பீங்கான் கத்தியைச் சொருகிக்கொண்டு எங்கள் கம்பெனி தயாரிக்கும் ஸ்கேனர் கூண்டுக்குள் போ, கையைத் தூக்கு, அசையாதே, வெளியே வா. ரேடார் அலை துணியைத் தாண்டிப் போய் உடம்பில் பட்டுத் திரும்பும். ஒளித்த இடத்தில் திரை சிவப்புக் கட்டம் போடும். ஒன்றைக்கூட விடவில்லை. மேனேஜருக்கு வாயெல்லாம் பல்.

மார்ச் 6
சாப்பிட்டு வந்த அவசரத்தில் கத்தியைச் சொருகாமலே ஏறிவிட்டேன். இடுப்பில் சிவப்பு!
"எதையாவது மறந்து வச்சிருப்பீங்க," என்றார் மேனேஜர்.
பாக்கெட்டே இல்லாத உடை. மறுபடி ஏறினேன். மறுபடி சிவப்பு.

மார்ச் 7
குளிக்கும்போது உறைத்தது. எட்டு மாதமாகக் கத்தி சுமப்பது நான் ஒருத்திதான். எப்போதும் வெறுங்கையோடு நடப்பவர் ஸ்டோர்காரர். அவர் ஒல்லி, நெட்டை. நான் குட்டை, பருமன். எங்கள் இரண்டு பேர் படத்தை வைத்துத்தான் மென்பொருளுக்குப் பாடம். அது கத்தியைக் கற்கவில்லை, என்னைக் கற்றிருக்கிறது. சனியன்!
மேனேஜரிடம் சொன்னேன். "வெள்ளிக்கிழமை மெஷினை வாங்குறவங்க வர்றாங்க. எல்லாம் சரின்னு ரிப்போர்ட்ல கையெழுத்துப் போடுங்க. இல்லன்னா வேற ஆள் பாத்துக்கறேன்."

மார்ச் 8
போடவில்லை.

மார்ச் 9
அக்கா போனில்: "ஒரு கையெழுத்துதானேடி, போட்டுத் தொலையேன். வேலை போனா என்ன பண்ணுவே?"
பயமாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏதோ ஒரு வாசலில் என்னைப் போல ஒரு குண்டம்மாவை ஓரமாக நிறுத்தித் தடவுவார்கள். ஒல்லியாக எவனோ கத்தியோடு கைவீசிப் போவான். அதற்கு என் கையெழுத்தா? மாட்டேன். என்னதான் செய்வார்கள், பார்க்கலாம்.

மார்ச் 10
வாங்க வந்தவர்கள் கண்ணெதிரே கத்தியை ஸ்டோர்காரரிடம் நீட்டினேன். "என்னை மாட்டி விடாதீங்கம்மா," என்று முனகிக்கொண்டே சட்டைக்குள் சொருகிக்கொண்டார். நல்ல மனுஷன். அவருக்குப் பச்சை. வெறுங்கையோடு ஏறிய எனக்குச் சிவப்பு.
மேனேஜர் முறைத்தார். முறைக்கட்டும்!

மார்ச் 13
துரத்தினால் துரத்தட்டும் என்று போனேன். துரத்தவில்லை.

ஏப்ரல் 4
வாங்குபவர்களின் நிபந்தனை: முதலிலிருந்து சோதனை, அறுபது பேர், எல்லா உடல்வாகும். யாரிடம் கத்தி என்று சீட்டுக் குலுக்கிப் போடுவது நான். மேனேஜரும் வரிசையில், முதல் சீட்டே அவருக்கு. ஷூவைக் கழற்றிவிட்டு வந்து நின்றார்.
"எங்க வைக்கணும்?"
"இடுப்புல சார். உள்ளே போய்க் கையை நல்லாத் தூக்குங்க."