வேலைச் சீட்டில் என் கையெழுத்து

அன்புள்ள அப்பாவுக்கு, முட்டிவலி தேவலையா? நான் நலம்.

போன வாரம் எங்கள் பட்டறைக்கு வந்த ஒரு டாக்டரம்மாவின் காருக்குப் புது ஸ்பார்க் பிளக்கும், அதற்கு மின்சாரம் தரும் இக்னிஷன் காயிலும் எடுத்து வைத்தேன். முதலாளி பழைய காயிலையே துடைத்துப் புது டப்பாவில் போட்டு, "இதையே மாட்டு. வேலைச் சீட்டுல நீயே கையெழுத்துப் போட்டுடு" என்றார். மாட்டிவிட்டுக் கையெழுத்தும் போட்டேன்.

நேற்று மேம்பாலத்தில் அந்தக் கார் திடீரென நின்று, பின்னால் வந்த லாரி மோதிவிட்டதாம். டாக்டரம்மா இன்னும் கண் விழிக்கவில்லை. முதலாளி என்னைத் திட்டவே இல்லை. முதல் முறையாக டீ வாங்கிக் கொடுத்து, "உன் பாஸ்போர்ட் எங்கிட்டயே இருக்கட்டும்பா" என்றார்.

கவலைப்படாதீர்கள். பீரோவில் இருக்கும் என் பாஸ்போர்ட் நகலை அனுப்புங்கள். இந்தக் கடிதத்தைக் கிழித்துவிடாதீர்கள்.

நிறுத்துகிறேன் அப்பா. என்னோடு பட்டறையில் வேலை செய்யும் பெயின்டர் அண்ணன் இதைத் தபாலில் போடுவார். வாசலில் போலீஸ் ஜீப் நிற்கிறது. முதலாளி அந்த வேலைச் சீட்டை எடுத்துப் போலீஸ்காரரிடம் நீட்டுகிறார்.