மச்சான் பெயரில் ஒரு ஓட்டு

மாசி 9, வெள்ளி

கோபம் இன்னும் அடங்கவில்லை. மருமகனோடு பாரிஸில் வேலை பார்க்கும் வெள்ளைக்காரர் நாகூர் பார்க்க வந்தவர், மதியம் நம் வீட்டில் சாப்பிட்டார். நெய்ச்சோற்றில் கை வைத்துக்கொண்டே கேட்கிறார், இஸ்லாமும் ஜனநாயகமும் ஒத்துப்போகுமா என்று. மருமகன் தயங்கித் தயங்கித்தான் தமிழில் சொன்னார்.

முப்பது வருஷமாக நெல் வியாபாரம் செய்கிறேன். மூட்டையைப் பிரித்துப் பார்க்காமலே குறை சொல்கிறவனை எனக்குப் பிடிக்காது.

"எங்க வாப்பா காலத்துலேர்ந்து ஓட்டுப் போடுறோம். போன மாசம் பள்ளிவாசல் ஜமாஅத்துக்கே பெட்டி வச்சுத் தேர்தல் நடத்துனோம். ஓட்டே இல்லாத அரபு ராஜாக்களுக்கு ஆயுதம் விக்கிறப்ப இவரு நாட்டு ஆளுங்க இதைக் கேட்டாங்களான்னு கேளுங்க மாப்புள" என்றேன். மருமகன் அதைச் சொன்னதும் வெள்ளைக்காரர் முகம் சிவந்துபோனது. எனக்குத் திருப்தி.

கறி ஆணம் ஊற்றிக்கொண்டிருந்த தங்கை ஜீனத் நிமிர்ந்தாள். "அந்தப் பெட்டியில எங்க வீட்டு ஓட்ட யாரு போட்டா? மவுத்தான உங்க மச்சான் எந்திரிச்சு வந்தாரா?"

ஜமாஅத்தில் வீட்டுக்கு ஒரு ஓட்டு, அதுவும் ஆண் பெயரில். மச்சான் இறந்து ஐந்து வருஷம்; வீட்டையும் கடையையும் அவள்தான் நடத்துகிறாள். தேர்தலுக்கு முன் தன் பெயரை எழுதச் சொல்லிக் கேட்டாள். ஊரில் சண்டை வருமென்று, வாக்காளர் பட்டியல் எழுதிய நான் மச்சான் பெயரையே விட்டுவைத்தேன். அந்த ஓட்டைப் போட்டதும் நான்தான்.

வெள்ளைக்காரரிடம் சொன்னதில் ஒரு சொல்லைக்கூடத் திரும்பப் பெற மாட்டேன். ஜீனத் கேட்டதும் சரிதான்.

பட்டியல் என் பீரோவில்தான் கிடந்தது. இப்போது எடுத்து, மச்சான் பெயரை அடித்துவிட்டு ஜீனத் பேகம் என்று எழுதினேன். நாளை ஜமாஅத் தலைவர் குதிப்பார். குதிக்கட்டும்.