கொடியில் கிடக்கும் ஜேர்சிகள்

திருகோணமலை,
வெள்ளிக்கிழமை.

அன்பு மகள் தயாளினிக்கு,

முழங்கால் முனகுவதைத் தவிர அம்மா சுகம். நீயும் மருமகனும் அங்கே ஒரு குறையுமில்லாமல் இருக்கக் கோணேசரை வேண்டுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே அழத் தொடங்குவாய், அதுதான் எழுதுகிறேன். விடுமுறைக்கு வந்து கண்காட்சிக்கென்று நீ செய்து வைத்துவிட்டுப் போன உதைபந்து ஜேர்சிகளை மண்டபக்காரர் திருப்பி அனுப்பிவிட்டார். விளையாட்டு என்றால் பரவாயில்லையாம், முதுகில் தைத்திருக்கிற பெயர்களை எடுத்தால் வைக்கலாமாம். உன் அண்ணனைப் போலப் பிடித்துக்கொண்டு போய்த் திரும்பி வராத பிள்ளைகளின் பெயரையும் எடுத்துவிட்டால் பிறகு அதில் என்ன இருக்கிறது, வெறும் துணி. எனக்கு வந்த கோபத்தில், கொண்டு வந்த ஓட்டோக்காரருக்குத் தேத்தண்ணிகூடக் கொடுக்கவில்லை, பாவம்.

பிறகு நான் ஒரு வேலை பார்த்துவிட்டேன், ஏசாதே. பொதியைப் பிரித்தால் எல்லாம் ஒரே சேறு. முந்தி உன் அண்ணன் நிருபன் மட்ச் முடிந்து வந்து ஜேர்சியைக் கழற்றி எறிந்தால் அன்றைக்கே தோய்த்துவிடுவேன், சேறு காய்ந்தால் போகாது. அந்தப் பழக்கத்தில் எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு கிணற்றடிக்குப் போய்விட்டேன். மைதானத்து மண்ணை நீ வேண்டுமென்றே பூசியது என்பது கொடியில் போட்ட பிறகுதான் நினைவுக்கு வந்தது. உன் கலையில் பாதி சவர்க்கார நுரையோடு போய்விட்டது, ஆனால் பெயர்கள் பளிச்சென்று தெரிகின்றன.

நம் கொடி துறைமுக வீதியைப் பார்த்துத்தானே இருக்கிறது. மீன் வாங்கப் போன சனம் நின்று ஒவ்வொரு பெயராக வாசித்தது. நிருபனோடு விளையாடின ஹஸ்மியின் தாய் பஹ்மியா கேள்விப்பட்டுக் கிண்ணியாவிலிருந்து பஸ் ஏறி வந்தா. மகனின் பெயரைத் தடவிப் பார்த்துவிட்டு, ஒரு கதிரை தாங்க, இதிலயே இருக்கிறன் என்றா. மண்டபத்தில் வைத்திருந்தால் இத்தனை பேர் பார்த்திருப்பார்களா சொல்லு.

செவ்வாய்க்கிழமை சிவில் உடையில் இரண்டு பேர் வந்து, ஏன் இதைத் தொங்க விட்டிருக்கிறீங்கள், கழற்றுங்கோ என்றார்கள். தோய்ச்ச உடுப்புத் தம்பி, ஈரம் காய்ஞ்சதும் எடுக்கிறன் என்றேன். தொட்டுப் பார்த்தார்கள், ஈரம்தான். திரும்பிப் போய்விட்டார்கள். எனக்குப் பயமில்லை பிள்ளை, நீயும் பயப்படாதே.

குளிருக்குத் தலையை மூடிக்கொண்டு போ, நேரத்துக்குச் சாப்பிடு. கோணேசர் உங்கள் இருவரையும் காப்பார். உறுதியான உடுப்புக் கிளிப்புகள் கொஞ்சம் மறக்காமல் அனுப்பு, இங்கே வாங்கியவை கடற்காற்றுக்கு நிற்கவில்லை. பஹ்மியா நாளைக்கு விடிய, முதல் பஸ்ஸில் வந்துவிடுவா, இரண்டு பேருமாக எல்லாவற்றையும் திரும்பவும் நனைத்துக் கொடியில் போடுகிறோம். பிள்ளைகள் எங்கே என்று பிடித்துக்கொண்டு போனவர்கள் சொல்லட்டும், அதுவரைக்கும் இது காயாது.

என்றும் உன் நினைவோடு,
அம்மா புஷ்பவதி